சூடு இறங்கும் வழி

மலேசியாவின் மலை ஊரான கோலா தெர்லாவில் என் கடைக்குப் புதுக் கணினி கட்டித்தரச் சொல்லி வருகிற இளைஞர்கள், உட்காருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, தண்ணியா, காத்தா?"

பிராசசரைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடும் கூலரைப் போடுவதா, விசிறி வைத்த உலோகக் கூலரைப் போடுவதா என்பதுதான் கேள்வி. நான் உடனே பதில் சொல்வதில்லை. மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். இந்தக் கணினி எந்த ஊரில், எந்த அறையில் இருக்கப் போகிறது? அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்? ஒருநாள் அது நின்றுபோனால் எத்தனை நாள் பொறுக்க முடியும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் தண்ணீரா காற்றா என்பது தானாகவே தெளிந்துவிடும். இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்த மூன்று கேள்விகளையும் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு வாடிக்கையாளரின் இழப்பிலிருந்து கற்றேன்.

சூடும் காற்றும் எனக்குக் கணினிக்கு முன்பே பழக்கம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்தார். பறித்து வந்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறிகளால் காற்றை ஏற்றுவார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடந்தால்தான் இலையின் ஈரம் இறங்கி அரைக்கிற பதம் வரும். எங்கேயாவது கொழுந்து தடிப்பாகக் கிடந்தால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு மெல்லிசான இடம் வழியாகப் போய்விடும். தடித்த இடம் புழுங்கிக் கெட்டுவிடும். அப்பா தொட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்துகொண்டே பார்ப்பார். காற்று எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று அவர் கை சொல்லிவிடும். நானும் இன்றுவரை கட்டி முடித்த கணினியின் பின்புறத்தில் அப்படித்தான் கை வைத்துப் பார்க்கிறேன். மானி பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

2004-இல் கோலாலம்பூரில் வேலை பழகினேன். இம்பி பிளாசாவும் லோயாட் பிளாசாவும் கணினிக்காரர்களால் நிரம்பி வழிந்த காலம் அது. அந்த ஆண்டுதான் இன்டெல் நிறுவனத்தின் 'பிரெஸ்காட்' வகை பென்டியம் 4 கடைகளுக்கு வந்தது. 486 காலத்துப் பிராசசர்கள் பலவும் விசிறியே இல்லாமல் ஓடியவை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிராசசரின் சூடு 100 வாட்டைத் தாண்டியிருந்தது. நகத்தளவு சிலிக்கானில் 100 வாட் என்றால், பழைய குண்டு பல்பு ஒன்றின் முழுச் சூட்டையும் ஒரு விரல்நுனியில் தாங்குவதைப் போல. அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்தது. வேகமான பிராசசரை யாரும் விலை கொடுத்து வாங்கிவிடலாம். அது உண்டாக்கும் சூட்டுக்கு வழி செய்வதுதான் கட்டுகிறவன் வேலை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். தண்ணீர்க் கூலர் போட்டால் பிராசசர் அறையைவிடக் குளிர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நடக்காது. தண்ணீர் சூட்டை விழுங்குவதில்லை, சுமந்துகொண்டு போகிறது. பிராசசரின் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டில் சூட்டை வாங்கி, குழாய் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், அங்கே விசிறி தள்ளும் காற்றிடம் ஒப்படைக்கிறது. கடைசியில் எல்லாச் சூடும் அறைக் காற்றுக்குத்தான் போகிறது. ஆகவே தண்ணீர்க் கூலரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. காற்றுக் கூலரும் இறங்காது. சூடு எந்தப் பாதையில் போகிறது, எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு.

சுமப்பதில் தண்ணீருக்கு ஈடில்லை. ஒரே கொள்ளளவில் எடுத்துக்கொண்டால், காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு சூட்டைத் தண்ணீர் ஏந்தும். 250 வாட் சூட்டை, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டால் அதன் வெப்பநிலை மூன்றரை டிகிரி அளவுக்குத்தான் ஏறும். அதே சூட்டைக் காற்று சுமந்து பத்து டிகிரி மட்டுமே ஏற வேண்டுமானால், எங்கள் மலையில் நிமிடத்துக்கு 1,400 லிட்டருக்கு மேல் காற்று ஓட வேண்டும். இந்தக் கணக்கைக் காட்டினால் எல்லோரும் தண்ணீர் பக்கம்தான் சாய்வார்கள். ஆனால் அந்தத் தண்ணீரும் ரேடியேட்டரில் அதே 250 வாட்டைக் காற்றிடம் கொடுத்தாக வேண்டும். காற்றை ஓட்டும் வேலை எங்கேயும் போய்விடவில்லை.

இனி எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலா தெர்லா, திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காய்கறி, நடுவில் ஆறு. மேகமூட்டமான நாளில் என் கடைக்குள் 19, 20 டிகிரிதான். மலைக்குக் கீழே ஈப்போவில் அதே நேரம் 33, 34 டிகிரி. காற்றுக் கூலருக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. பல ஆயிரம் வெள்ளி செலவழித்துக் கூலர் மாற்றிக் கீழ்நாட்டில் குறைக்க முடியாத பத்துப் பதினைந்து டிகிரியை எங்கள் மலை இலவசமாகத் தருகிறது. உயரத்துக்கு ஏற்ற குறை ஒன்றும் உண்டு. இங்கே காற்று ஈப்போவைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை குறைவு. அதனால் ஓரிரண்டு டிகிரியை இழக்கிறோம். கிடைக்கும் குளிர்ச்சியோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை.

இந்த வரத்தை நம்பியே முதல் பாடத்தைக் கற்றேன். தொழில் தொடங்கிய சில ஆண்டுகளில் ஈப்போவில் இருக்கும் ஓர் உறவினர் பையனுக்குக் கணினி கட்டினேன். கடையில் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தேன். 71 டிகிரி. மனநிறைவோடு அனுப்பிவைத்தேன். இரண்டு வாரத்தில் அழைத்தான். "அண்ணே, மத்தியானத்துல விளையாடினா திணறுது. ராத்திரி நல்லா இருக்கு." போய்ப் பார்த்தேன். தகரக் கூரைக்கு அடியில் சின்ன அறை, ஜன்னலை ஒட்டி மேசை, மேசைக்குள் அடைத்துவைத்த கணினிப் பெட்டி. அறைக்குள் 36 டிகிரி. என் கடையில் அறையைவிட 52 டிகிரி கூடுதலாக ஓடிய பிராசசர், அங்கேயும் ஏறக்குறைய அதே 52 டிகிரி கூடுதலாகத்தான் ஓடியது. மேசைக்குள் அடைபட்ட காற்று மேலும் ஐந்தாறு டிகிரியைச் சேர்த்தது. பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

71 என்ற எண் என் கடைக்கு மட்டும் உண்மை. அறையைவிட 52 கூடுதல் என்பதுதான் எந்த ஊருக்கும் உண்மை. அன்றிலிருந்து அறை வெப்பநிலையைக் குறிக்காமல் எந்த அளவையும் நான் எழுதியதில்லை. ஒவ்வொரு பெட்டியின் உள்பக்கத்திலும் ஒரு சீட்டு ஒட்டுவேன். கட்டிய தேதி, அன்றைய அறை வெப்பநிலை, முழுச் சுமையில் பிராசசரின் வெப்பநிலை, அடுத்துப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய மாதம். அந்தப் பையனிடம் தண்ணீர்க் கூலர் வாங்கச் சொல்லவில்லை. பெட்டியை மேசைக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்தோம். முன்பக்கம் இன்னொரு விசிறி பொருத்தினோம். திணறல் நின்றது.

குளிர் மலையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு அச்சம் உண்டு. "ஐயா, இந்தப் பனியில தண்ணிக் கூலர் போட்டா உள்ளே வேர்த்துடாதா?" என்று ஒரு தோட்டத்துப் பெரியவர் பேரனோடு வந்து கேட்டார். நல்ல கேள்வி. ஒரு பொருள், சுற்றியுள்ள காற்றின் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருந்தால்தான் அதன்மேல் நீர் படியும். ஓடுகிற கணினி எப்போதும் அறையைவிடச் சூடானது. ஆகவே அதில் வேர்க்காது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரவு 16 டிகிரியில் இங்கே லோரியில் ஏற்றிய கணினி, விடியற்காலையில் ஈப்போவில் இறங்குகிறது. பெட்டிக்குள் உலோகம் இன்னும் மலையின் குளிரிலேயே இருக்கும். ஈப்போவின் காற்றோ ஈரம் கனத்தது. அட்டைப்பெட்டியைத் திறந்ததும் கூலர் தகடுகளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் பூக்கும். உடனே சுவிட்சைப் போட்டால் தீர்ந்தது. அதனால் கீழே போகும் ஒவ்வொரு கணினியின் மேலும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறேன்: மூன்று மணி நேரம் கழித்து இயக்கவும்.

தண்ணீர், காற்று என்று நாம் பிரித்துப் பேசுவதே முழு உண்மை இல்லை என்பதைப் பழைய காற்றுக் கூலர் ஒன்றை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். அடியிலிருந்து தகடுகளுக்கு ஏறும் அந்தச் செம்புக் குழாய்கள் கெட்டியான கம்பிகள் அல்ல, உள்ளே வெற்றுக் குழாய்கள். உள்சுவரில் செம்புப் பொடி சுட்டு ஒட்டியதுபோல் ஒரு படலம். அதில் மிகச் சிறிதளவு தண்ணீர். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாயை மூடியிருப்பதால், அந்தத் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிவிடும். பிராசசர் பக்கம் ஆவியாகி, தகடுகளின் பக்கம் போய்க் குளிர்ந்து நீராகி, செம்புப் பொடிப் படலம் வழியாக விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரும்பி வரும். பள்ளத்தாக்கிலிருந்து எழும் ஆவி முகட்டில் மஞ்சாகிச் சொட்டி மறுபடி ஆற்றுக்கு இறங்குவதைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு இது புதிதல்ல. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் இந்தக் குழாயைச் செய்துகாட்டினார். இன்று நூற்றைம்பது வெள்ளிக் கூலரிலும் அது இருக்கிறது. நாம் காற்றுக் கூலர் என்று அழைப்பதற்குள்ளும் ஓடுவது தண்ணீர்தான். பம்ப் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் ஓடுகிறது.

பம்ப் வைத்த தண்ணீர்க் கூலரின் வரலாறும் நீண்டது. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் பெருங்கணினிகளுக்குத் தண்ணீர் ஓட்டியது. 1985-இல் வந்த கிரே-2 மீக்கணினியின் மின்சுற்றுகள் மின்சாரம் கடத்தாத திரவத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தன. 2004-இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 கணினியில் தண்ணீர்க் கூலர் வைத்து விற்றது. வீட்டுக் கணினிக்கு இது எளிதானது 2009-இல். டென்மார்க்கின் ஆசடெக் செய்து, கோர்செயர் பெயரில் எச்50 என்று வந்த கூலரில் பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடப்பட்டிருந்தன. திருகுகளை முடுக்கினால் போதும். அந்த எளிமை என்னையும் ஈர்த்தது. நிறையப் பேருக்குப் பொருத்தினேன்.

அதில் ஒன்றை 2016-இல், அனிமேஷன் படிக்கிற ஒரு மாணவிக்குப் பொருத்தினேன். அவள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டு வேலை செய்தவர். சேமித்த பணத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்து மேசையில் வைத்தார். பிராசசர் இன்டெல் ஐ7-6700கே. அதன் சூடு 91 வாட். அதற்குத் தண்ணீர்க் கூலர் தேவையே இல்லை. ஆனால் நல்லதாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில், பட்டியலில் மேலே இருந்ததைப் போட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து நவம்பர் மழையில் அந்தப் பெண் அழைத்தாள். "அண்ணே, கம்ப்யூட்டர் ஆன் ஆகி ரெண்டு நிமிஷத்துல அணைஞ்சுடுது. வெள்ளிக்கிழமை ஃபைனல் புராஜெக்ட் குடுக்கணும்." பெட்டியைத் திறந்து குழாயில் விரல் வைத்தேன். பிராசசர் பக்கம் கொதித்தது. ரேடியேட்டர் பக்கம் குளிர்ந்து கிடந்தது. பம்ப் செத்துவிட்டது. தண்ணீர் நின்றுவிட்டால் அந்தக் கூலரில் எதுவும் மிஞ்சுவதில்லை. மாற்றுக் கூலர் ஈப்போவிலிருந்து வர வேண்டும். சிம்பாங் பூலாய் சாலையில் மண் சரிந்திருந்தது. தாப்பா வழியாகச் சுற்றி வரும் சரக்குக்கு நாள் சொல்ல முடியவில்லை. என் அலமாரியில் இருந்த பழைய கூலர்களின் பிடிப்புகள் எதுவும் அந்த மதர்போர்டில் உட்காரவில்லை.

அவளுடைய வட்டைக் கழற்றி என் கடைக் கணினியில் மாட்டினேன். இரண்டு இரவு அவள் என் கடையில் உட்கார்ந்து வேலையை முடித்தாள். அம்மா ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நள்ளிரவில் அவர் என்னிடம் கேட்டார், "தம்பி, இதைவிட விலை குறைஞ்சது போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதா?" கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். "ஆகியிருக்காதும்மா. தப்பு என்னோடது."

ஏன் ஆகியிருக்காது என்பதை விளக்க வேண்டும். காற்றுக் கூலரில் கெட்டுப்போகக்கூடிய ஒரே பாகம் விசிறி. அது நின்றாலும் அரைக் கிலோவுக்கு மேலான உலோகமும் செம்புக் குழாய்களும் வேலை செய்துகொண்டேயிருக்கும். பெட்டியின் மற்ற விசிறிகள் தள்ளும் காற்றிலேயே சாதாரண வேலைகளை ஓட்டிவிடலாம். 120 மில்லிமீட்டர் விசிறி எந்தக் கடையிலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பெட்டியின் பின்புற விசிறியைக் கழற்றி மாட்டலாம். மூடிய தண்ணீர்க் கூலரில் பம்ப் இருக்கிறது. அதன் ரப்பர் குழாய்ச் சுவர் வழியாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் வெளியேறுகிறது. குறைந்த நீரின் இடத்தில் காற்றுக் குமிழ் சேர்கிறது. அந்தக் குமிழ் மேலே ஏறும். பம்ப் இருக்கும் இடமே சுற்றின் உச்சியாக அமைந்துவிட்டால் குமிழ் அங்கே போய்ச் சிக்கி, பம்ப் வறண்டு இரைந்து தேயும். ரேடியேட்டரைப் பெட்டியின் கூரையில் வைத்தால் குமிழ் அங்கே போய்த் தங்கும், பம்ப் தப்பிக்கும். சரியாகப் பொருத்தினாலும் ஐந்து, ஆறு ஆண்டுக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். நான் சொல்லாமல் கொடுத்திருந்தேன்.

சாலை திறந்ததும் அவள் கணினியில் இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் ஒன்றை என் செலவில் பொருத்தினேன். சீட்டும் ஒட்டினேன். உதவி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதும் கூலரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் சேரும் என்பதை அந்த வாரம் கற்றுக்கொண்டேன். கோலாலம்பூரில் இருப்பவர் மாலையில் பம்ப் செத்தால் காலையில் புதியதை வாங்கிவிடுவார். மலையில் இருப்பவருக்கு நடுவே ஒரு சாலையும் ஒரு மழைக்காலமும் இருக்கின்றன.

தண்ணீர்ச் சுற்றை முழுக்கத் தானே கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தார் ஒரு காய்கறித் தோட்டக்காரரின் மகன். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் தக்காளிக்குச் சொட்டுநீர்க் குழாய் இழுத்துப் பழகிய கை. பம்பின் அழுத்தமும் குழாயின் வளைவும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். செம்புத் தகடு, செம்பு ரேடியேட்டர், தனிப் பம்ப், கண்ணாடிபோல் தெளிந்த குழாய்கள் என்று அழகாகக் கட்டினார். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் சேர்த்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதை நான் சொன்னேன், கேட்டுக்கொண்டார். காய்ச்சி வடித்த நீரை ஊற்றச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். "நம்ம ஊத்துத் தண்ணியைவிட சுத்தமான தண்ணி எங்கண்ணே கிடைக்கும்?" என்று மலை ஊற்று நீரையே நிரப்பியிருந்தார்.

நான்கு மாதத்தில் குழாய்கள் பச்சை பாய்ந்தன. வெப்பநிலை ஏறியது. தகட்டைத் திறந்தோம். பிராசசரின் மேல் உட்காரும் அந்தச் செம்புத் தகட்டின் உள்ளே, மயிரிழை இடைவெளியில் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவை முழுக்கப் பாசியும் வண்டலும். அவர் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார், "சொட்டுநீர்க் குழாய்ல வர்ற அடைப்புதான் அண்ணே இது." ஆமாம், அதேதான். எங்கள் மலையின் ஆறுகளைச் சுரங்கக் குழாய் வழியாகத் திருப்பி ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கிறார்கள். கோலா தெர்லாவிலேயே சிறிய நீர்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. மேலே காடு வெட்டிய சரிவுகளிலிருந்து இறங்கும் மண், அந்த நீர்த்தேக்கத்தை எப்படி நிரப்பி வருகிறது என்பதை இங்குள்ள எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஓடும் தண்ணீர் எதைச் சுமந்தாலும், மெதுவாகும் இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகும். குடிக்க நல்ல தண்ணீர் வேறு, இயந்திரத்துக்கு நல்ல தண்ணீர் வேறு. குடிநீரில் இருக்கும் கனிமம் உடம்புக்கு நல்லது, செம்புப் பள்ளத்துக்கு ஆகாது. பல்துலக்கும் பிரஷ்ஷால் இருவரும் அரை நாள் தேய்த்துச் சுத்தம் செய்தோம். காய்ச்சி வடித்த நீரும் பாசிக்கொல்லியும் ஊற்றினோம். அவர் ஆண்டுக்கு ஒருமுறை நீரை மாற்றுகிறார். அவர் கணினி இன்றும் நன்றாக ஓடுகிறது. அப்படிப் பார்த்துக்கொள்ளும் மனம் உள்ளவருக்குத் தண்ணீர்ச் சுற்று மகிழ்ச்சியான பொருள்தான்.

எங்கள் ஊரின் தூசி பற்றியும் சொல்ல வேண்டும். காய்கறித் தோட்டத்துக்குப் பக்கத்து வீடுகளில் சுண்ணாம்புத் தூளும் காய்ந்த கோழி எருவின் பொடியும் காற்றில் வரும். மஞ்சின் ஈரம் சேர்ந்ததும் அது மாவுபோல் உதிராமல் களிபோல் அப்பிக்கொள்ளும். ரேடியேட்டரின் நெருக்கமான இதழ்களுக்கும் விசிறிக்கும் நடுவே அது கம்பளித் துணி மாதிரிப் படிந்து, வெளியே பார்த்தால் தெரியாமல் காற்றை மறித்துவிடும். விசிறிகளைக் கழற்றினால்தான் தெரியும். கோபுரக் கூலரின் தகடுகளுக்கிடையே இடைவெளி அதிகம். மென்மையான தூரிகையும் காற்றுப் பம்பும் போதும், வீட்டிலேயே துடைத்துக்கொள்ளலாம். எந்தக் கூலரானாலும் இங்கே நான்கு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்கிறேன். கூலரின் விலையைவிட இந்த ஒரு பழக்கம் கணினியின் ஆயுளைக் கூட்டும்.

தண்ணீர் தேவைப்படும் இடம் எது என்பதிலும் எனக்குத் தெளிவு உண்டு. தானா ராத்தாவில் கல்யாண வீடியோ தொகுக்கும் ஒருவர் 2023-இல் வந்தார். இன்டெல் ஐ9-13900கே பிராசசர் வேண்டும் என்றார். முழு வேகத்தில் அது 253 வாட் இழுக்கும். சீசனில் இரவு முழுக்க, ஒரு நிமிடம் ஓயாமல் படத்தை வார்த்துக்கொண்டிருக்கும் வேலை. அவ்வளவு சூட்டைப் பிராசசரின் சின்னப் பரப்பிலிருந்து எடுத்து, மூன்று விசிறி அகலத்துக்குப் பரப்பித் தள்ள வேண்டுமானால் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர்தான் சரி. கூரையில் பொருத்தினேன். சுற்றில் இருக்கும் தண்ணீர் சூடாகச் சில நிமிடம் பிடிக்கும், அதனால் விசிறிகள் சட்டுச் சட்டென்று இரையாமல் நிதானமாக ஓடும் என்பது அவருக்குக் கூடுதல் நிம்மதி. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. ஆனால் அவரிடம் இரண்டு வாக்குறுதி வாங்கினேன். ஒரு காற்றுக் கூலரைச் சும்மாவேனும் வாங்கி அலமாரியில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் தண்ணீர்க் கூலரை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கான தேதியைச் சீட்டில் சிவப்பில் எழுதினேன்.

எடையும் ஒரு கணக்கு. ஆஸ்திரியாவின் நொக்துவா 2014-இல் கொண்டுவந்த என்எச்-டி15 போன்ற பெரிய கோபுரக் கூலர் விசிறிகளோடு 1,320 கிராம். அது மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். வீட்டில் அசையாமல் இருக்கும்வரை கவலையில்லை. கம்போங் ராஜாவிலிருந்து கீழே இறங்கும் வளைவுகளில் காய்கறிக் கூடைகளோடு லோரியில் குலுங்கிக்கொண்டு போனால், ஒவ்வொரு வளைவும் அந்த எடையை மதர்போர்டில் தொங்கவிட்டு உலுக்கும். அதனால் பெட்டியைப் படுக்கவைத்து, மதர்போர்டு கீழே வரும்படி, உள்ளே நுரைப்பஞ்சு அடைத்துத்தான் ஏற்றுகிறேன். வெகுதூரம் போவதானால் கூலரைக் கழற்றித் தனியாக அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் மாட்டச் சொல்லித் தருகிறேன்.

பெரும்பாலானவருக்கு என் பதில் காற்றுதான். படிக்கிற பிள்ளை, கணக்கு எழுதுகிற கடைக்காரர், மாலையில் விளையாடுகிற இளைஞர், இவர்களுக்கு 65 வாட்டிலிருந்து 120 வாட்வரை இழுக்கும் பிராசசர் தாராளம். நூற்றைம்பது, இருநூறு வெள்ளிக்கு இரட்டைக் கோபுரக் கூலர் அதை அமைதியாகக் குளிரவைக்கும். தண்ணீர்க் கூலருக்குப் போக வேண்டிய மீதி முன்னூறு வெள்ளியில் நல்ல மின்வழங்கி வாங்கலாம், வட்டைப் பெரிதாக்கலாம். ஜொகூரில் இன்று பெருகிவரும் தரவு மையங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பது நாடெங்கும் பேசப்படுகிறது. அங்கேயும் கேள்வி இதுவேதான்: சூடு எங்கே போகப் போகிறது, அதற்கு விலை கொடுப்பவர் யார்? பெரிய கட்டடத்துக்கும் மேசையோரப் பெட்டிக்கும் இதைக் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் ஒரு பையன் கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா குடுத்தாங்க அண்ணே. அவங்க கோலாலம்பூர்ல வேலைல புதுசு வாங்கிட்டாங்க. கொஞ்சம் சத்தம் வருது." பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே என் கையெழுத்தில் சீட்டு, ஓரம் மஞ்சளாகி இருந்தது. 2018 டிசம்பர், அறை 18, முழுச் சுமையில் 66. நான்கு மாதத்துக்கு ஒருமுறை துடைத்த அடையாளமாக, கீழே பென்சிலில் அவள் போட்ட தேதிகள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

விசிறியின் உருளை தேய்ந்திருந்தது. அலமாரியிலிருந்து நாற்பது வெள்ளி விசிறி ஒன்றை எடுத்து மாட்டினேன். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசையை மாற்றி, ஒரு மணி நேரம் ஓட்டினேன். அறை 19, முழுச் சுமையில் 67. பின்புறத்தில் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். காற்று ஒரே சீராக, வெதுவெதுப்பாக வந்தது. பையனின் கையையும் பிடித்து அங்கே வைத்தேன். பழைய சீட்டுக்குக் கீழே புதுச் சீட்டை ஒட்டி, பென்சிலை அவனிடம் கொடுத்தேன்.